சுவருக்குள் ஓடும் சின்னக் கம்பிகள்

ஐப்பசி மாதம். அடைமழை.

கோபாலபுரத்தில் ஒரு பழைய வீடு. பள்ளிக்கூடம் விட்டுச் சிறுவன் ஓடி வருகிறான். உடம்பெல்லாம் ஈரம். காலில் செருப்பு இல்லை. அது கையில் இருக்கிறது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

வாசல் கேட் பூட்டியிருக்கிறது. தூணில் மணி அடிக்கும் பொத்தான் இருக்கிறது. சிறுவன் எட்டி அதை அழுத்துகிறான்.

"சுரீர்" என்று கையில் அடிக்கிறது!

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இது கதை மாதிரி தோன்றலாம். ஆனால் மழைக் காலத்தில் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

ஏன் என்று பார்ப்போம்.

230 வோல்ட்

நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். விளக்கு, விசிறி, கிரைண்டர் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன.

வாசல் மணியும் பெரும்பாலான வீடுகளில் இதே 230 வோல்ட்டில்தான் அடிக்கிறது. மணி உள்ளே இருக்கும். பொத்தான் வெளியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் கம்பி ஓடும்.

அதாவது, விளக்குக்குப் போகும் அதே மின்சாரம் வெளியே கேட் தூண் வரை போய் நிற்கிறது. அதற்கும் உங்கள் விரலுக்கும் நடுவே இருப்பது ஒரு துண்டு பிளாஸ்டிக்தான்!

வெயில் காலத்தில் ஒன்றும் ஆகாது. மழை பெய்து பொத்தானுக்குள் தண்ணீர் போனால், மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடும். ஈரக் கை, வெறும் கால், ஈரத் தரை மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் இதைத்தான் சொன்னார் என்று வைத்துக் கொள்வோம்.

"அம்மா, இந்த மணியை மாற்றிவிடுங்கள். 12 வோல்ட் மணி இருக்கிறது. அதைப் போட்டால் குழந்தை தொட்டாலும் பயம் இல்லை."

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, தம்பி. இன்றைக்கே மாற்று."

திண்ணையில் இருந்த தாத்தா குறுக்கிட்டார். "மணியை மாற்றுவது சரி, தம்பி. கம்பி எந்த வழியாகப் போகும்?"

"கேட் விளக்குக்கு ஏற்கனவே பைப் இருக்கிறது, ஐயா. அதிலேயே விட்டு இழுத்துவிடலாம்."

தாத்தா தலையை ஆட்டினார். "அதுதான் கூடாது!"

தாத்தா சொன்னது சரி. எப்படி?

இரண்டு வகைக் கம்பிகள்

ஒரு வீட்டின் சுவருக்குள் இரண்டு வகைக் கம்பிகள் ஓடுகின்றன.

ஒன்று, பெரிய கம்பி. 230 வோல்ட் சுமப்பது.

இன்னொன்று, சின்னக் கம்பி. மணி, டெலிபோன், டி.வி., கம்ப்யூட்டர், காவல் கேமரா இவற்றுக்கானது. இதில் குறைந்த வோல்ட்தான் இருக்கும். மணிக்கு 8 அல்லது 12 வோல்ட். டெலிபோன் கம்பியில் சாதாரணமாக 48 வோல்ட். மணி அடிக்கும் நேரத்தில் மட்டும் கூடும். கம்ப்யூட்டர் கம்பி வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும் முறை ஒன்று உண்டு. அதிலும் 57 வோல்ட்டைத் தாண்டுவது இல்லை.

மாறும் மின்சாரத்தில் 50 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை "மிகக் குறைந்த வோல்ட்" என்று உலக நாடுகளின் விதிகள் சொல்லுகின்றன. உடம்பு உலர்ந்திருக்கும்போது இதைத் தொட்டால் பொதுவாக ஆபத்து இல்லை. ஈர இடத்தில் இன்னும் குறைவாக இருப்பது நல்லது. அதனால்தான் வாசல் மணிக்கு 12 வோல்ட்.

230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்க ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் போதும். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்தது. மற்றொன்று மணியோடு சேர்ந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. காந்த சக்தி வழியாக மட்டுமே மின்சாரம் தாண்டுகிறது. ஆகவே 230 வோல்ட் வாசலுக்கு வர வழியே இல்லை.

ஆனால், அந்தச் சின்னக் கம்பியைப் பெரிய கம்பியோடு ஒரே பைப்பில் விட்டால்?

கூடா நட்பு

பைப்புக்குள் கம்பிகள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிடக்கும். ஆண்டுகள் ஓடும். பெரிய கம்பி சூடாகும். மேல் உறை காய்ந்து வெடிக்கும். அல்லது எலி கடிக்கும்.

ஒரு நாள் பெரிய கம்பியின் செம்பு வெளியே தெரியும். அது பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியைத் தொடும்.

அந்த நொடியே 230 வோல்ட் மறுபடியும் வாசல் பொத்தானுக்கு வந்துவிடும்! 12 வோல்ட் என்று நம்பி நீங்கள் அதை அழுத்துவீர்கள். பழைய மணியைவிட இது மோசம். அதில் பயம் இருந்தது; இதில் பயமே இருக்காது.

ஆகவேதான் மின்சார விதிகள் இந்த இரண்டு வகைக் கம்பிகளையும் தனித் தனியாக வைக்கச் சொல்லுகின்றன. தனிப் பைப். தனிப் பெட்டி. தனி வழி.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கம்பியில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறி ஓடுகிறது. அதைச் சுற்றிக் காந்த மண்டலம் உண்டாகிறது. அது பக்கத்தில் உள்ள சின்னக் கம்பியில் "ம்ம்ம்" என்ற இரைச்சலை எழுப்பும். டெலிபோனில் பேச்சோடு இரைச்சல் கேட்கும்.

இந்த இரைச்சலைக் குறைக்க ஒரு வழியைக் கண்டவர் டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1881-ல் அவர் இரண்டு கம்பிகளைப் பின்னல் போல முறுக்கினார். முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும். அதனால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். இன்று கம்ப்யூட்டருக்குப் போடும் கேபிளை அறுத்துப் பாருங்கள். 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கியிருக்கும். பெல் சொன்ன அதே முறுக்கு!

சென்னைக்கு வந்த கம்பிகள்

சின்னக் கம்பி சென்னைக்குப் புதியது அல்ல. பெரிய கம்பிக்கு முன்பே வந்துவிட்டது.

1882-லேயே சென்னையில் டெலிபோன் நிலையம் இயங்கியது. 1895-ல் சென்னைத் தெருவில் மின்சார டிராம் ஓடியது. வீட்டு விளக்கு அதற்குப் பிறகுதான் பரவியது.

1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது. மாடியில் ஆன்டெனா, அதிலிருந்து ஒரு கேபிள். 1990-களில் கேபிள் டி.வி. வந்தது. 1995-ல் இந்தியப் பொது மக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது. 2003-ல், டி.வி.க்கு மேல் ஒரு பெட்டி வைத்துப் பார்க்கும் முறை சென்னையில் வந்தது. இப்போது தலைமுடி போன்ற கண்ணாடி இழை வழியாக இன்டர்நெட் வருகிறது.

ஒவ்வொன்றும் வரும்போது ஜன்னல் வழியாக ஒரு கம்பி உள்ளே நுழைந்தது. பழைய கம்பியை எவரும் எடுக்கவில்லை. அவ்வை சண்முகம் சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் நடந்து, பழைய வீடுகளை அண்ணாந்து பாருங்கள். கொடி படர்ந்த மாதிரி கம்பிகள் தெரியும். பாதிக் கம்பிகளுக்கு உயிர் இல்லை!

அந்தக் காலத்து வீடுகளில் சுவருக்கு வெளியேதான் ஒயரிங். தேக்குப் பட்டி அடித்து, அதன் மேல் கம்பியைத் தகட்டால் பிடித்திருப்பார்கள். கறுப்பு ஸ்விட்ச். பீங்கான் பியூஸ். கம்பி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு அழகுக்காகக் கம்பி சுவருக்குள் போயிற்று. அழகு வந்தது, கம்பி எங்கே என்ற நினைவு போயிற்று.

நம் சுவர், அவர்கள் சுவர்

கனடாவிலும் அமெரிக்காவிலும் நம் பிள்ளைகள் பலர் வீடு வாங்கியிருக்கிறார்கள். அங்கே பல வீடுகளின் சுவர் மரச் சட்டம். இரண்டு பக்கமும் பலகை. நடுவே பொந்து. குளிர் உள்ளே வராமல் இருக்க அந்தப் பொந்தில் கண்ணாடிப் பஞ்சையோ நுரையையோ அடைத்திருப்பார்கள். போர்வை போர்த்திய சுவர் என்று சொல்லலாம்.

அங்கே புதிதாகக் கம்பி விட வேண்டுமானால், மேல் பரணில் துளை போட்டுச் சுவருக்குள் இறக்குவார்கள். பஞ்சு இருந்தால் மெதுவாக நுழையும். நுரை இருந்தால் அது கல் போல ஒட்டியிருக்கும், கம்பி நுழையாது. ஆகவே அனுபவசாலிகள் வெளிச் சுவரைத் தொட மாட்டார்கள். பஞ்சு இல்லாத உள் சுவர் வழியாகவே கம்பியை விடுவார்கள்.

நம் ஊர்ச் சுவர் வேறு. செங்கல் சுவர். வெளிச் சுவர் 9 அங்குலம். உள் சுவர் பல வீடுகளில் நாலரை அங்குலம். உள்ளே பொந்து கிடையாது. போர்வை கிடையாது.

நமக்குப் பகை குளிர் அல்ல, வெயில். ஆகவே நாம் போர்வையைத் தலைக்குப் போட்டோம். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதித்தோம். அதுதான் சென்னை வீட்டின் போர்வை.

இப்போது நம் ஊரிலும் மாறி வருகிறது. கூரைக்குக் கீழே பொய்க் கூரை போடுகிறார்கள். சூடு தணிய அதன் மேல் தெர்மாகோல் வைக்கிறார்கள். அந்த இடுக்கில்தான் எல்லாக் கம்பிகளும் ஓடுகின்றன.

இங்கே இரண்டு ஆபத்துகள் உண்டு.

முதலாவது, சூடு. கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும். காற்றுப் பட்டால் அது ஆறிவிடும். போர்வைக்குள் புதைந்தால் ஆறாது. நாலு பக்கமும் போர்வை மூடிய கம்பி, சாதாரணமாகச் சுமப்பதில் பாதி மின்சாரத்தைத்தான் தாங்கும் என்று கணக்கு. ஏ.சி. போன்ற பெரிய சாதனங்களின் கம்பிக்கு இது முக்கியம். சின்னக் கம்பிக்கு இந்தக் கவலை குறைவு.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. சாதாரண மின்கம்பியின் உறை பி.வி.சி. அது வளைவதற்காக அதில் ஒருவகை எண்ணெய் சேர்த்திருப்பார்கள். தெர்மாகோலை ஒட்டிக் கிடந்தால், அந்த எண்ணெய் மெல்ல மெல்லத் தெர்மாகோலுக்குள் போய்விடும். உறை விறைத்துப்போய் வெடிக்கும். ஆகவே கம்பியும் தெர்மாகோலும் தொடக் கூடாது. நடுவே பைப் இருக்க வேண்டும்.

பொந்து வைத்த செங்கல் சுவரும் நம் பக்கம் உண்டு. கேரளத்தில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) இதைப் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டுவது. நடுவே பொந்து விழும். செங்கல் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சம். பொந்தில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். கட்டும்போதே அந்தப் பொந்துக்குள் பைப்பை நிறுத்திவிடலாம். சுவரை வெட்டவே வேண்டாம்.

சுவரை வெட்டும் முன்

மற்ற வீடுகளில் சுவரை வெட்டித்தான் பைப் பதிக்க வேண்டும். அதற்குக் காடி எடுப்பது என்று பெயர். காடி எடுப்பதற்கும் அளவு உண்டு.

மேலிருந்து கீழாகக் காடி எடுத்தால், சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. 9 அங்குலச் சுவரில் 3 அங்குலம். படுக்கை வாட்டில் எடுத்தால் ஆறில் ஒரு பங்குதான். அதாவது ஒன்றரை அங்குலம்.

நாலரை அங்குலச் சுவரில் படுக்கைக் காடி எடுக்கவே கூடாது. தூண், பீம், கம்பி கட்டிய கான்கிரீட் இவற்றில் கை வைக்கவே கூடாது. டி.வி. கேபிளை மறைக்க வீட்டின் எலும்பை உடைக்கலாமா?

பைப் நேர்கோட்டில் போக வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலே, அல்லது நேர் பக்கவாட்டில். குறுக்கே சாய்த்து விடக் கூடாது. ஏன் தெரியுமா? நாளைக்கு நீங்கள் சாமி படம் மாட்ட ஆணி அடிப்பீர்கள். பெட்டிக்கு நேராகக் கம்பி இருக்கும் என்று தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்ப்பீர்கள். சாய்வாகப் போனால் ஆணி கம்பி மேல் இறங்கும்!

பெரிய கம்பிப் பைப்புக்கும் சின்னக் கம்பிப் பைப்புக்கும் இடையே அரை அடி முதல் ஒரு அடி வரை இடைவெளி விடுங்கள். ஒன்றை ஒன்று தாண்ட வேண்டி வந்தால், கூட்டல் குறி போல நேர் குறுக்காகத் தாண்டட்டும். பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டாம்.

இழுக்கும் முறை

பைப்பைக் கம்பியால் அடைத்துவிடாதீர்கள். பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் பைப்பில் கம்ப்யூட்டர் கேபிள் 3 அல்லது 4 போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

திருப்பங்களில் முழங்கை போல வளைவு வேண்டும். மூலை போல மடிப்பு கூடாது. இரண்டு திருப்பத்துக்கு ஒரு பெட்டி வைத்தால் இழுப்பது சுலபம்.

முதலில் எஃகு ஸ்பிரிங்கைப் பைப்புக்குள் விட்டு மறுமுனையில் எடுக்க வேண்டும். அதன் நுனியில் கேபிளைக் கட்டி, ஒருவர் தள்ள, ஒருவர் மெதுவாக இழுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கேபிளை 11 கிலோ எடைக்கு மேற்பட்ட விசையில் இழுத்தால் உள்ளே முறுக்கு குலைந்துவிடும். வெளியே பார்த்தால் கேபிள் நன்றாக இருக்கும், வேலை செய்யாது. ஒரே கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பதும் கணக்கு. கண்ணாடி இழையில் ஷாக் கிடையாது. ஆனால் அதை மடித்தால் ஒளி கசிந்துவிடும்.

கடையில் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் தெரிந்தால் அசல் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. விலை குறைவு, ஆயுளும் குறைவு. கோபாலபுரத்திலிருந்து கடற்கரை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். உப்புக் காற்று வீட்டுக்குள் வந்து போகிறது. அந்தக் காற்றில் அலுமினிய இணைப்பு சீக்கிரம் அரித்துப் போகும்.

வெளிச் சுவரில் பைப் நுழையும் இடத்தில், வெளிப்பக்கம் சற்றுக் கீழாகச் சாய்ந்திருக்கட்டும். மழைத் தண்ணீர் உள்ளே வராது. பைப் வாயை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பும் பல்லியும் குடி புகும்.

கடைசியாக இரண்டு வேலைகள். காலிப் பைப் ஒன்றைக் கூடுதலாகப் பதித்து, அதற்குள் ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். நாளைக்கு என்ன கம்பி வரும் என்று யார் கண்டது? பிறகு, சிமென்ட் பூசும் முன், எல்லாச் சுவர்களையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.

காவல்காரன்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தவறு நேரலாம். அதற்கு ஒரு காவல்காரன் வேண்டும். மெயின் பெட்டியில் வைக்கும் கசிவு மின்சாரத் தடுப்பான்தான் அது. எலக்ட்ரீஷியனிடம் "ஆர்.சி.சி.பி." என்று சொன்னால் புரியும்.

போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக் கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று கண்டு, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதை வைக்க வேண்டும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். "டக்" என்று விழுந்தால் காவல்காரன் விழித்திருக்கிறான். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

சின்னக் கம்பி வேலை என்றாலும் சுவரில் துளை போடும் முன் மெயினை அணையுங்கள். 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்.

மறுபடியும் மழை

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

எலக்ட்ரீஷியன் தாத்தா சொன்னதைக் கேட்டார். மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் சிறு டிரான்ஸ்பார்மர் வைத்தார். விளக்குப் பைப்பை விட்டு ஒரு அடி தள்ளி, புதிதாக ஒரு மெல்லிய பைப் பதித்தார். அதில் மணிக் கம்பி மட்டும் போயிற்று. கேட் தூணிலிருந்து பழைய கம்பி அடியோடு எடுக்கப்பட்டது. கூலியும் சாமானும் சேர்ந்து கொஞ்சம் கூடுதல் செலவுதான்.

"அரை நாள் வேலை ஒரு நாளாகிவிட்டது, ஐயா" என்றார் அவர்.

"குழந்தை கை வைக்கிற இடம், தம்பி" என்றார் தாத்தா.

மறுநாளும் மழை. சிறுவன் நனைந்துகொண்டே வந்தான். பொத்தானைப் பார்த்தான். கொஞ்சம் தயங்கினான். பிறகு அழுத்தினான்.

உள்ளே மணி அடித்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் வாசல் மணி எத்தனை வோல்ட்? மழை வரும் முன் பார்த்துவிடுங்கள்.